சென்னையிலிருந்து மாரிக்குப்பம் வரை

சென்னை சென்ட்ரலில் பெங்களூர் ரயில் ஏறினால் ஏறக்குறைய 290 கிலோமீட்டரில் பங்காருப்பேட்டை வரும். அந்த ஸ்டேஷனிலிருந்து கிழக்கே ஒரு கிளைப்பாதை பிரிகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று போய், 16 கிலோமீட்டர் முடிவதற்குள் மாரிக்குப்பத்தில் தண்டவாளமே தீர்ந்துவிடும். கோலார் தங்கவயலின் ரயில்பாதை அவ்வளவுதான். ஆனால் சென்னையின் கதையில் ஒரு பங்கு இந்தப் பாதையில்தான் எழுதப்பட்டது. அதைப் படிக்க ராயபுரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. 1864-ல் பாதை பெங்களூர் கண்டோன்மென்ட்டைத் தொட்டது. ரயில் கம்பெனிக்கு வேண்டியது உள்நாட்டுச் சரக்கைத் துறைமுகத்துக்கு இழுப்பதும், துறைமுகத்தில் இறங்கியதை உள்நாட்டுக்கு அனுப்புவதும்தான். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் கடலுக்குப் போனது. இங்கிலாந்து இரும்பு உள்நாட்டுக்குப் போனது. கம்பெனி கணக்கில் எழுதாத இன்னொரு போக்குவரத்தும் இருந்தது. பாதை வட ஆற்காட்டுக் கிராமங்களின் ஓரமாக ஓடியது. அங்கே நிலம் இல்லாமல், பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகவே சாகவேண்டியிருந்த தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு ரயில் ஒரு கதவைத் திறந்துவிட்டது. கிழக்கே போனால் பெரம்பூர் ரயில் பட்டறை, பின்னி மில், அதையும் தாண்டினால் ரங்கூனுக்கும் நேட்டாலுக்கும் கப்பல். மேற்கே போனால் தங்கவயல். 1876 முதல் 1878 வரை அடித்த பெரும்பஞ்சத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தாண்டியவர்கள் ஏராளம்.

வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை ரயிலுக்குத் துணையாக வருவது பாலாறு. ரயில் மேற்கே ஏற, ஆறு கிழக்கே இறங்குகிறது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, தமிழ்நாட்டுக்குள் நுழையும் முன் பேத்தமங்கலம் ஏரியை நிரப்பிவிட்டு வருகிறது. தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது அந்த ஏரிதான். குடித்தது போக மிச்சம், வேலூரைச் சுற்றிக்கொண்டு கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைச் சேரும். ஜோலார்பேட்டை தாண்டியதும் ரயில் மலை ஏறுகிறது. சோமநாயக்கன்பட்டி, பச்சூர், மல்லானூர் என்று மூச்சு வாங்கி, ஆந்திராவின் குப்பத்தைத் தொட்டு, கர்நாடகத்துக்குள் நுழைகிறது.

பங்காருப்பேட்டைக்குப் பழைய பெயர் பௌரிங்பேட்டை; மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயர். இந்த வட்டாரத்தில் தங்கம் இருப்பதை 1802-லேயே லெப்டினன்ட் ஜான் வாரன் எழுதி வைத்தார். உரிகம், மாரிக்குப்பம் கிராமத்தார் மண்ணை அள்ளிக் கழுவித் தங்கம் எடுப்பதைக் கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பு அது. எழுபது ஆண்டு கழித்து, நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு வந்த லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் 1873-ல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார். அவரிடம் பணம் இல்லை. உரிமை கை மாறி, 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்து சேர்ந்தது. முதல் சில ஆண்டுகள் பணம் மண்ணுக்குள் போனதே தவிர வரவில்லை. சாம்பியன் ரீஃப் என்ற பொன் நரம்பு அகப்பட்ட பிறகுதான் கம்பெனிக்கு உயிர் வந்தது.

1894-ல் பங்காருப்பேட்டைக்கும் மாரிக்குப்பத்துக்கும் நடுவே கிளைப்பாதை திறந்தது. பாதை மைசூர் அரசுக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே. பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போட்டிருந்தது மீட்டர் கேஜ். தங்கவயலுக்குப் போட்டதோ சென்னைப் பாதையின் அகலமுள்ள பிராட் கேஜ். இதன் பொருள் எளிது: சென்னையில் ஏற்றிய சரக்கை வழியில் எங்கேயும் வண்டி மாற்றாமல் சுரங்க வாசலில் இறக்கலாம். மைசூர் மண்ணில் இருந்தாலும், தங்கவயலின் வாசல் கடற்கரையைப் பார்த்தே வைக்கப்பட்டது.

கிளைப்பாதையில் வண்டி மெதுவாகத்தான் போகும். 1964-ல் வந்த பி.இ.எம்.எல். தொழிற்சாலையின் குடியிருப்பு ஒரு பக்கம். கொஞ்ச தூரத்தில் மரம் சரியாக முளைக்காத சாம்பல் நிறக் குன்றுகள் தொடங்கும். அரைத்துத் தங்கம் பிரித்த பாறையின் கழிவு அது; ஊரார் சொல்வது சயனைடு மேடு. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுப் பானை வரை வந்துவிடும். உரிகம் துரைமார் பக்கம்: பங்களா, கிளப், ஆபீஸ். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டு பிறகு. அந்த மின்சாரம் முதலில் போனது சுரங்க இயந்திரங்களுக்கு. தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளின் முறை எத்தனையோ காலம் கழித்தே வந்தது.

அடுத்தது சாம்பியன். இங்கே சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் இறங்கியது. உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று. கீழே பாறையே சுடும். அழுத்தம் தாங்காத பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே லைன் வீடுகளின் பாத்திரங்கள் அதிரும்போதே பெண்கள் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். வெடியில் தப்பியவர்களின் நுரையீரலைப் பாறைத்தூள் தின்றது. அதே ஆழம் விஞ்ஞானத்துக்கு உதவியது என்பதும் உண்மை. 1965-ல் பம்பாயின் டாட்டா ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சாம்பியன் சுரங்கத்தில் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவி வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இரண்டு இடங்களில் இது ஒன்று. மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம்.

ஆனால் தமிழுக்கு சாம்பியன் செய்த வேலை மண்ணுக்கு மேலே நடந்தது. 1898-ல் தாழ்த்தப்பட்டோரின் சிந்தனையாளரான அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19-ல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். சங்கத்தின் கிளைகள் எங்கெங்கே முளைத்தன என்று பார்த்தால் ரயிலும் கப்பலும் போன வழி தெரியும்: வேலூர், திருப்பத்தூர், பெங்களூர், தங்கவயல், ரங்கூன், டர்பன். கூலிக்குப் போனவன் போன இடத்திலெல்லாம் இதழும் போனது. 1914-ல் பண்டிதர் இறந்தார். சென்னையில் இதழ் தள்ளாடி நின்றது.

நின்றதைக் கையில் எடுத்தது சாம்பியன். 1926-ல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை இங்கிருந்து மீண்டும் கொண்டுவந்தார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதோடும் இதழ் கைகோத்தது. இதழ் நின்ற பிறகும் சாம்பியனின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சடித்துக்கொண்டே இருந்தது. 1999-ல் பாளையங்கோட்டையில் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்தபோது தமிழ் அறிவுலகம் புதையல் கிடைத்ததுபோல் வியந்தது. தங்கவயலுக்கு அது புதையலே அல்ல. ஷிப்ட் முடித்து வந்தவர்கள் காசு போட்டு அச்சடித்து வாங்கிப் படித்த பழைய புத்தகம். தலைநகரம் மறந்ததைச் சுரங்க ஊர் மறக்கவில்லை.

படித்த ஊர் தலை குனியவும் இல்லை. 1930-ல் தொழிலாளர் எல்லோரிடமும் கைரேகை எடுப்பதற்கு நிர்வாகம் முனைந்தபோது, குற்றவாளிகளா நாங்கள் என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

மாரிக்குப்பத்தில் பாதை முடிகிறது. சுரங்கத்தின் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கும், பிறகு மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் பிறந்தது. ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் சில கிராமாக இளைத்தது. நூற்றிருபது ஆண்டில் 800 டன்னுக்கு மேல் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

மூடிய பிறகு ஊர் காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, காரணம் இந்த 16 கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் வண்டி நிரம்பிவிடுகிறது. கம்பெனி வேலை, கட்டட வேலை, கடை வேலை, ஆஸ்பத்திரி வேலை என்று பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அன்று கொள்ளுப்பாட்டன் வட ஆற்காட்டிலிருந்து ஒரே ஒரு தடவை பயணம் செய்தான். இன்று கொள்ளுப்பேத்தி தினம் இரண்டு தடவை செய்கிறாள். பெங்களூரில் வாடகை கொடுத்துக் கட்டாது. லைன் வீடு சிறியது என்றாலும் சுற்றிலும் சொந்தம் இருக்கிறது, தமிழ் இருக்கிறது.

தங்கத்தை எடுத்துப் போகப் போட்ட பாதை, தங்கம் தீர்ந்த பிறகும் ஓடுவது இவர்கள் டிக்கெட் எடுப்பதால்தான். 2023-ல் சென்னை கிண்டியில் அயோத்திதாசருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். செய்ய வேண்டிய மரியாதை. அவர் எழுத்தைக் காத்துக்கொடுத்த ஊருக்குச் செய்ய வேண்டியது அதைவிடச் சின்ன வேலை. தமிழ் இதழியல் வரலாறு எழுதுகிறவர்கள் ராயப்பேட்டையோடு நிறுத்திவிடாமல், பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, சாம்பியன் வரை வந்தால் போதும்.