ஊரிக்கும் ஒரு சாதகம்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுத முற்படுவோர் பாடும் மீனிலே தொடங்குவது மரபு. ஆயின், 1848 செப்டெம்பரில் இங்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் ரெனென்ற், வாவியில் எழும் ஒலி எதனுடையது என்று வினவியபோது, மீனவர்கள் மீனைச் சுட்டவில்லை; ஊரியையே சுட்டினர். அவர் கேட்டுக்கொள்ள, உயிருள்ள ஊரிகளைத் தேடிக்கொணர்ந்து காட்டவுஞ் செய்தனர். ஒலியைக் கேட்டு மகிழ்வதோடு அமையாது, ஒலிப்பது எவ்வுயிர் எனப் பிரித்தறிய முயன்ற அம்மீனவர்களை நான் அண்மையிலேதான் மதிக்கக் கற்றேன்.

என் அம்மம்மாவின் வளவு படுவான்கரையில் உள்ளது. நீரில் வாழ்வதும் நிலத்தில் ஊர்வதும் அங்கு எமக்கு ஊரிதான். மாரி தொடங்கியதும் அவை கீரைப்பாத்தியை மொய்க்கும். அவற்றின்மேல் உப்புத் தூவுவது சிறுவயதில் எனக்கிடப்பட்ட பணி. அவை நுரைத்துச் சுருங்குவதை நான் வேடிக்கை பார்த்ததுண்டு. பின்னர் கலைப்பீடத்தில் தொல்காப்பிய மரபியலைப் பயின்றபோது, நந்து ஈரறிவுயிர்களுள் வைக்கப்பட்டிருப்பதைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தேன். அந்த நந்துக்கும் நான் உப்பிட்ட ஊரிக்கும் உறவுண்டு என்ற எண்ணம் எழவேயில்லை.

கடந்த மாரியில் விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவர் என்னுடன் ஊருக்கு வந்தார். வேலியிலிருந்த நத்தையொன்றைக் காட்டி, அதனை விவரித்து எழுதுமாறு கூறினார். வெளிறிய பிறைநிலா என்றும், உள்ளொடுங்கிய முனிவர் என்றும் எழுதி நீட்டினேன். “இதைக்கொண்டு வேறொருவர் இந்த நத்தையை இனங்காண்பாரா?” என்று கேட்டு, அளவுகோலைத் தந்தார். ஒரு மணிநேரம் சென்றபின் என் கொப்பியில் இருந்தவை இவை: அகலம் 27 மில்லிமீற்றர், உயரம் 18 மில்லிமீற்றர், சுருள்கள் ஐந்தரை, உச்சியை மேலாகப் பிடித்தால் வாய் வலப்புறம், அடியில் ஒடுங்கிய குழி, இறுதிச் சுருளில் ஒரு கபிலநிறக் கோடு. அது புதிய இனமன்று. கிரிப்டோசோனா பைஸ்டிரியாலிஸ் என்னும் பெயரில் 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டதாம். ஆயினும் எனக்கு அன்றுதான் அது புதியது.

புதிய இனமொன்றை விவரிப்போருக்கு இவ்வளவீடு தொடக்கமே. உறவினங்கள் அனைத்தோடும் அதனை ஒப்பிடல் வேண்டும். ஓடு ஏமாற்றக்கூடுமாதலால், இனப்பெருக்க உறுப்புகளையும் டி.என்.ஏ.யையும் ஆராய்வர். ஒரு மாதிரியைப் பெயருக்குச் சான்றாகத் தெரிந்து நூதனசாலையில் வைப்பர். லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலை எல்லையாகக் கொண்ட முறைப்படி, இருசொற் பெயர் இடுவர். இப்பணி அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. புரூணைக் காட்டில் கண்டெடுத்த இரண்டு மில்லிமீற்றர் அளவேயான நத்தையொன்றைப் பொதுமக்களும் ஆய்வாளரும் கூடி விவரித்து, 2020இல் கிரேற்றா துன்பேர்க்கின் பெயரைச் சூட்டினர்.

இதனாற் பயனென்ன என்று வினவலாம். இலங்கையில் ஏறத்தாழ 250 தரைநத்தை இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பத்தில் எட்டு உலகில் வேறெங்கும் இல்லை. ஒரு பேரினத்தின் பெயரே இராவணா. மெல்ல ஊரும் இவ்வுயிர்களுட் சில, சிறியதொரு காட்டுக்குள்ளேயே வாழ்பவை. அக்காடு அழியின் அவ்வினமும் அழியும். பெயரிடப்படாத இனத்தை அருகிவரும் உயிர்களின் பட்டியலிற் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அது மறைந்தாலும் மறைந்ததென அறிவார் இல்லை. இத்தீவுக்கு 1900 அளவில் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கப் பெருநத்தையைப் பயிர்ப்பகையெனக் கொல்கிறோம். ஆனால் உப்பு, வந்தேறி எது, இம்மண்ணுக்குரியது எது என்று பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. என் கையால் மாண்டவற்றுள் என்னென்ன இனங்கள் இருந்தனவோ என்ற கேள்வி இன்று என்னை உறுத்துகின்றது.

நாங்கள் அளந்துகொண்டிருந்ததை அம்மம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மனே, ஊரிக்கும் சாதகம் எழுதப் போறியா?” என்றார்.

“ஓம் அம்மம்மா.”

சற்று நேரம் பேசாதிருந்தவர், “அப்ப ஒண்டோட விடாத. வேலியில ஏறுறது வேற, எருக்கிடங்கில கிடக்கிறது வேற. மழைக்கு முந்தி மரப்பட்டைக்குள்ள ஒரு சின்னது இருக்கும், அது வேற” என்றார்.

மூன்று ஆண்டுகள் மரபியல் கற்ற நான் ஒன்றாகக் கண்டதை, அவர் மூன்றாகக் கண்டிருந்தார். கொப்பியில் புதிய பக்கமொன்றைத் திருப்பினேன்.