பயணத்தில் பெண்களின் பங்கு



விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் "எங்காவது போய் வருவோமே" என்ற பேச்சு எழுகிறது. கரையோரத்தில் வாழ்பவர்கள் மலைநாட்டை நாடுகிறார்கள். மலைநாட்டில் வாழும் நாம் கடற்கரையை நாடுகிறோம். பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதைப் பார்க்குமாறு அல்லாஹு தஆலா திருமறையின் 29-ஆவது அத்தியாயத்திலே ஏவுகிறான். ஆகவே பயணம் கூடுமா, கூடாதா என்பதைப் பற்றி நான் எழுத வரவில்லை. அந்தப் பயணத்தில் பெண்களுக்குக் கிடைக்கும் பங்கு என்ன என்பதைப் பற்றியே எழுத வந்தேன்.

நம் குடும்பப் பயணங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஸுபுஹுக்கு வெகு முன்பே எழுந்து சோறாக்கி, கறி சமைத்து, சட்டிகளை வேனில் ஏற்றுபவர்கள் பெண்கள். போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் குளிக்கிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். பெண்களோ பாய் விரிக்கிறார்கள், பரிமாறுகிறார்கள், பிள்ளைகளைத் துவட்டுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். குசினி இடம் மாறியதே தவிர வேலை மாறவில்லை!

நம் மலைநாட்டிலுள்ள பாவா ஆதம் மலைக்கு 1344-ஆம் ஆண்டு இப்னு பதூதா அவர்கள் வந்தார்கள். அவர்களுடைய வழித்துணையாக யோகிகள் நால்வர், பிராமணர்கள் மூவர், தோழர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். உணவுப் பொருட்களைச் சுமக்க மட்டும் பதினைந்து பேர்! அன்று பதினைந்து பேர் சுமந்த சுமையை இன்று ஒரு வீட்டில் ஓர் உம்மாவின் தலையிலே வைத்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அரபுக் கல்லூரியில் என்னோடு ஓதிய நண்பர் ஒருவர் கிழக்குக் கரையிலிருந்து குடும்பத்தோடு ஹட்டனுக்கு வந்திருந்தார். மறுநாள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து நுவரெலியா போவதென்று முடிவாயிற்று. மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக் கொள்வது நபிவழியல்லவா? எங்களில் வயதில் மூத்த ஒருவரை அமீராக்கினோம். அவர் இட்ட முதல் கட்டளை, "வேனில் ஒரு சட்டிகூட ஏறக் கூடாது" என்பதுதான். பகல் சாப்பாட்டைக் கடையில் வாங்குவது, பரிமாறுவது, இடத்தைச் சுத்தம் செய்வது எல்லாம் ஆண்களின் பொறுப்பு.

"அப்ப நாங்க என்ன செய்யிற நானா?" என்று நண்பரின் மனைவி உள்ளேயிருந்து கேட்டார்.

"ஒண்டும் செய்ய வேணாம் தங்கச்சி. சும்மா இருங்க" என்றார் அமீர்.

தலவாக்கலை வழியாகப் போனோம். சரிவுகளிலே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிளாஸ்க்கிலிருந்த தேநீரும் அப்படிப்பட்ட கைகள் பறித்ததே என்ற நினைவு வந்தது. உழைக்கும் கைகளுக்கு ஓய்வு எவ்வளவு அரிது!

நுவரெலியாவிலுள்ள கிரகரி ஏரி, தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873-இல் உருவாக்கப்பட்டது. கடலோரப் பிள்ளைகள் அதைக் கண்டதும் "குட்டிக் கடல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூட்டம் இல்லாத ஒரு மூலையில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொண்டோம். மட்டக்குதிரைகள் போயின, வந்தன. மூடுபனி இறங்கியது, கலைந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. அன்று நண்பரின் மனைவி என் மனைவியிடம் இப்படிச் சொன்னாராம்: "கடலுக்குப் பக்கத்திலதான் எங்கட ஊடு. ஆனா கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நாள் ஒண்டும் எனக்கு நினைவில்ல."

சகோதரிகளே! இந்தச் சொல்லை ஆண்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லுஹர் நேரம் வந்தது. தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது. சிரமமான வேளையிலும் வுழூவை நிறைவாகச் செய்வதன் சிறப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். நண்பர் முஸாபிர், அவரே இமாமாக நின்று இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதார். அவர் ஸலாம் கொடுத்ததும், ஊரவர்களான நாங்கள் எழுந்து மீதி இரண்டையும் நிறைவு செய்தோம். பயணியின் களைப்பை அறிந்து அல்லாஹ் தொழுகையிலேயே சலுகை தந்திருக்கிறான். தொழுகைக்கே சலுகை இருக்கும்போது, அடுப்பு வேலைக்கு ஒரு நாள் சலுகை இருக்கக் கூடாதா?

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அன்னையவர்கள் வென்றார்கள். பின்னொரு பயணத்தில் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடாயிற்று என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா (ரலி) அவர்கள் விரைவாக ஓட்டியபோது, கண்ணாடிப் பாத்திரங்களைப் போல அவர்களைப் பக்குவமாக அழைத்துச் செல்லும்படி அறிவுறுத்தினார்கள். உம்மத்தின் பொறுப்பையெல்லாம் சுமந்த நபியவர்களுக்குத் தம் மனைவியின் மகிழ்ச்சிக்கென்று நேரம் இருந்தது. நமக்கு இல்லையென்றால் எப்படி?

அடுத்த விடுமுறைக்குப் புறப்படுமுன் வீட்டில் மஷ்வரா செய்யுங்கள். எங்கே போவது என்பதோடு, யார் எதைச் செய்வது என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். மஹ்ரமான துணை, பேணுதலான உடை, நேரந்தவறாத தொழுகை, வீண்விரயமில்லாத செலவு ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டால் பயணமும் இன்ஷா அல்லாஹ் நன்மையாகும். தூரம் போக வசதியில்லையா? பக்கத்திலுள்ள ஆற்றங்கரை போதும். உம்மா ஒரு பொழுது சும்மா உட்கார்ந்திருக்கட்டும். பாணும் சம்பலும் வாப்பா எடுத்து வைக்கட்டும்!

அல்லாஹு தஆலா நம் பயணங்களிலும் நம் வீடுகளிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.