மூன்று வட்டுகள்

பிரிக்பீல்ட்சில், ஜாலான் துன் சம்பந்தனை அடுத்த மாடி வீடொன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார். தோட்டப்புறப் பாட்டிமார் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் நாற்பது ஆண்டுகள் தேடித் திரட்டியவர். பாடியோருள் பலர் இன்று இல்லை. அவர்தம் குரல்கள் அவருடைய கணினியின் மூன்று வட்டுகளில் பகிர்ந்து வைக்கப்பட்டிருந்தன.

ஒருநாள் மாலை இடியோடு மின்சாரம் அற்றது. மீண்டும் வந்தபோது கணினி எழவில்லை. வட்டுத் தொகுதி குறைபட்டும் கலங்கியும் இருப்பதால் தொடங்க இயலாது என்று கருந்திரையில் ஒரு வரி நின்றது. கிள்ளானிலிருந்த பழைய மாணவரை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"தொகுதியைப் புதிதாக அமைத்துவிடலாமா, தம்பி?"

"வேண்டாம் ஐயா! நான் வரும்வரை எதையும் தொடாதீர்கள்."

அவர் கொமுட்டர் தொடர்வண்டியில் வந்து சேர்ந்தார். வட்டுகளை இவ்வாறு இணைக்கும் ரெய்டு முறையை 1988இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் தம் கட்டுரையில் விளக்கினர். ஒரு வட்டில் 5, அடுத்ததில் 8, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 13 என்று கொள்வோம். 8 தொலைந்தாலும் 13இலிருந்து 5ஐக் கழித்து மீட்கலாம். ஆனால் 5ஐ 6 ஆக்கியபின், 13ஐ 14 ஆக்குமுன் மின்சாரம் அற்றால், தொலைந்த 8 இப்போது 7 ஆகவே மீளும். எவரும் தொடாத எண் பொய்யாகிவிடும். அதற்கு அஞ்சியே லினக்ஸ் தொடங்க மறுத்தது. அது பிடிவாதமன்று, எச்சரிக்கை.

மாணவர் முதலில் வட்டுகளை அப்படியே வேறு வட்டுகளில் படியெடுத்தார். ஒவ்வொரு வட்டிலும் பதிந்திருந்த நிகழ்வு எண்ணைப் பின்னர் ஒப்பிட்டார். இரண்டில் ஒரே எண், மூன்றாவது பின்தங்கியிருந்தது. அதன் இணைப்புக் கம்பி தளர்ந்து, அது பல நாள்களுக்கு முன்பே விலகியிருக்கிறது, எவரும் கவனிக்கவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் பல ஏடுகளை ஒப்புநோக்கிய பின்னரே பாடம் துணிந்தார் அல்லரோ! மூன்றாவதை ஒதுக்கி, ஏனைய இரண்டின் படிகளையும் வலிந்து இணைத்து, படிப்பதற்கு மட்டும் திறந்தார் மாணவர். குரல்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன.

ஒரு தாலாட்டு மட்டும் ஒலிக்கவில்லை. மின்சாரம் அற்ற வேளையில் ஆசிரியர் இரைச்சல் நீக்கிச் சேமித்துக்கொண்டிருந்த கோப்பு அது. அதன் மூல ஒலிநாடா பூஞ்சணம் பிடித்து என்றோ வீசப்பட்டிருந்தது.

பகிர்ந்து வைத்தல் வேறு, படியெடுத்து வைத்தல் வேறு என்று அன்று அவ்வீட்டில் தெளிவாயிற்று. பாடல்களின் படி ஒன்று இன்று கிள்ளானில், மாணவர் வீட்டில் இருக்கிறது. அந்தத் தாலாட்டை ஆசிரியர் நினைவிலிருந்து தாளில் எழுதி வைத்தார். சொற்கள் மீண்டன, குரல் மீளவில்லை.