செஞ்சிக்குப் போறவங்களுக்கு ஒரு டாக்டரின் இழை

1/ 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து "நீங்க அந்தப் பக்கம்தானே வேலை பார்த்தீங்க, எப்ப போகலாம்?"னு கேட்காத ஆளில்லை. அந்தப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் 12. அதில் 11 மகாராஷ்டிராவில், மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி. தாராளமா போங்க. இதைப் படிச்சிட்டுப் போங்க.

2/ சில வருஷம் முன்னாடி, ஏப்ரல் மாச ஞாயிறு. மதியம் மூணு மணி இருக்கும். கேஷுவாலிட்டியில் நான்தான் டூட்டி. ஒரு காலேஜ் பையனை நாலு நண்பர்கள் ஆட்டோவில் கொண்டுவந்தாங்க. உடம்பு கொதிக்குது, 106 டிகிரி. பேர் என்னப்பான்னா "பஸ் வந்துடுச்சா"ங்கிறான். ராஜகிரி உச்சியிலிருந்து இறங்கும்போது விழுந்திருக்கான். அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு லிட்டர் பாட்டில்.

3/ "காய்ச்சல்னு நெனச்சு பாராசிட்டமால் குடுத்தோம் சார்"னாங்க. ஹீட் ஸ்ட்ரோக்குக்கு அது கேட்காது. நினைவு தடுமாறினா வாயில் தண்ணியும் ஊத்தக்கூடாது, நுரையீரலுக்குப் போயிடும். நிழல், உடம்பு முழுக்கத் தண்ணி, விசிறி. முதல்ல சூட்டைக் குறைக்கணும். எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி அக்குளிலும் தொடையிடுக்கிலும் வெச்சோம்.

4/ மாத்தி மாத்தி முதுகில் சுமந்து இறக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கு. எனக்கு அவங்க மேல கோபம் வரல. மேல போறவனைத் தாமதப்படுத்தறதுக்குன்னே கட்டினதுதான் அந்தக் கோட்டை. சுமார் 800 அடி உயரம், வாசலுக்கு மேல வாசல், உச்சிக்குக் கீழே ஒரு பிளவு. அந்தப் பாலத்தை எடுத்துட்டா மேலே இருக்கறவனை யாரும் தொட முடியாது.

5/ 1677-ல் பிஜப்பூர்க்காரங்ககிட்ட இருந்து சிவாஜி பிடிச்ச கோட்டை. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். அதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சுட்டார். (இதையே 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடிச்சாரு. காவல் சரியில்லைன்னா மலை என்ன பண்ணும்?)

6/ அத்தனை வருஷம் தாங்கினதுக்கு ஒரு காரணம் தண்ணி. கீழே சக்கரக்குளம், செட்டிக்குளம். மலை மேலயும் சுனை. கல்யாண மகாலின் மேல் மாடிக்கே மண் குழாயில் தண்ணி ஏத்தியிருக்காங்க. அப்படிப்பட்ட இடத்துக்கு நம்ம பசங்க ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணியோட போறாங்க.

7/ பிடிச்சவங்களும் சுகப்படல. பத்து வருஷத்தில் பிரெஞ்சுக்காரங்க 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களை இங்கே இழந்ததா வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதியிருக்கார். செஞ்சின்னாலே ஆரோக்கியக் கேடான ஊர்னு பேராம். என்ன வியாதியா இருந்திருக்கும்? டாக்டர் புத்தி, அகழியைப் பார்த்ததும் மலேரியான்னுதான் தோணுது. 1761-ல் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. செஞ்சியின் செதுக்குத் தூண்கள் சில இப்ப புதுச்சேரி கடற்கரையில் நிக்குது.

8/ ராஜா தேசிங்கு கதை எல்லாருக்கும் தெரியும். 1714-ல் ஆற்காடு நவாபோட சண்டை போட்டு செத்தப்போ வயசு 22ன்னு சொல்வாங்க. எங்க பையனுக்கு 19.

9/ அடுத்த மாசம் நானும் ஏறினேன். காலையில் ஏழே முக்காலுக்கு ஊரிலிருந்து கிளம்பி, மூணு லிட்டர் தண்ணி, ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட். தொல்லியல் துறை படிகளை ஓரளவு நல்லாத்தான் வெச்சிருக்கு. சுவரில்தான் "ஐ லவ்" போட்ட பேருங்க. பிளவுப் பக்கம் காலி பாட்டில்கள். குரங்குக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். பையன் விழுந்ததா சொன்ன திருப்பத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன். பத்தடி தள்ளி ஒரு பழைய மண்டபம், உள்ளே நல்ல நிழல். அந்தப் பசங்களுக்கு அங்கேயே படுக்க வெச்சுத் துணியை நனைக்கணும்னு யாரும் சொல்லித் தரல.

10/ அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கிட்னி அடி வாங்கி ரெண்டு வாரம் டயாலிசிஸ். பிழைச்சுட்டான், இப்ப வேலைக்குப் போறான். அவங்க அம்மா பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவாங்க. "உச்சியில் எடுத்த போட்டோ இன்னும் போன்ல வெச்சிருக்கான் சார், அழிக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்"னு போன தடவை சொன்னாங்க.