கரைவெட்டி ஏரிச் சேற்றில் சைபீரியக் குருவி!

மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரிக்குப் போயிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, திருமானூர் வழியாகப் போகலாம். சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் மேட்டூர் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் இதை நிரப்புகின்றன. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்கத்தான் பலரும் இங்கே வருகிறார்கள். நான் பார்க்கப் போனது, கரையோரம் திரியும் சின்னப் பறவைகளை. மதகு வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகப் போக, ஏரி உள்வாங்கி ஈரச்சேறு வெளியே தெரியும். அதில்தான் இவற்றுக்குத் தீனி. பட்டாணி உப்புக்கொத்தி நாலடி ஓடி, நின்று, கொத்துகிறது. பொறி உள்ளான் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே சேற்றைக் கிளறுகிறது. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம்தான். அது சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது!

கரையில் மாடு ஓட்டி வந்த பெரியவர் என் பக்கத்தில் நின்றார்.

“சார், புரட்டாசியில நாத்தங்கால்லயும் இதுங்க எறங்குதே, வெத நெல்லத் தின்னுடாதா?”

“இல்லீங்கய்யா. இதுங்க தேடுறது புழு, பூச்சி, சின்ன நத்தை. நெல்லுக்காக வர்றதில்ல.”

“அப்ப சில வருசம் வரப்புல செத்துக் கெடந்துச்சே?”

எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. நாற்றங்காலுக்குக் குருணை மருந்து போடச் சொல்லி ஊர் ஊராகப் பரிந்துரைத்தவன் நான். சில குருணை மருந்துகள் பறவைக்குக் கொடிய விஷம். மணல் துகள் என்று நினைத்தோ, மருந்துபட்ட புழுவைத் தின்றோ அவை செத்துப்போகும். அப்படிப்பட்ட ஃபோரேட் குருணைக்கு 2020 கடைசியோடு நாட்டில் தடை வந்துவிட்டது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “தெரியாமத்தானே சார் செஞ்சீங்க” என்றார்.

இப்போது தெரியும். அதனால் உங்களிடமும் சொல்கிறேன். நாற்றங்காலில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல், வழக்கத்துக்காகக் குருணை போடாதீர்கள். சேற்றில் கூட்டமாகப் பறவை மேய்ந்தால், அவை போகும்வரை மருந்துப் பையைத் திறக்காதீர்கள்.

பறவை பார்க்க நினைப்பவர்கள் தை, மாசியில் வாருங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரைமேலேயே நில்லுங்கள். சேற்றில் இறங்க வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.