வர்ஸாஸாத்: கூட்டத்தில் நிற்கும் பெண்கள்

மொரோக்கோ என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இப்னு பதூதா. தன்ஜியர் நகரிலே பிறந்து, நாடு நாடாகச் சுற்றி, 1344ஆம் ஆண்டில் நம் இலங்கைக்கும் வந்து பாவாத மலை ஏறிச் சென்ற அந்தப் பயணியின் நாட்டை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிரான்ஸில் வாழும் என் மகளும் மருமகனும் அந்த ஆசையை நிறைவேற்றி வைத்தார்கள். மராக்கேஷ், பாஸ் போன்ற பெருநகரங்களைப் பற்றி எழுதியோர் பலர். நான் எழுத வந்தது மலைக்கு அப்பால், பாலைவனத்தின் வாசலில் இருக்கும் ஒரு சிற்றூரைப் பற்றி.

மராக்கேஷிலிருந்து வர்ஸாஸாத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். ஆனால் நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுக்கும். இடையில் அட்லஸ் மலைத்தொடர். தீஸி ந் திஷ்கா என்னும் கணவாய் 2,260 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் கடுகண்ணாவ வளைவுகளைப் பெரிதென்று எண்ணியிருந்த எனக்கு, அந்த வளைவுகளைக் கண்டதும் கண்ணை மூடி ஸலவாத்து ஓதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. "உம்மா, கண்ணைத் திறந்து பாருங்க, இதுக்குத்தானே வந்தம்" என்று மகள் சிரித்தாள். மறுபக்கம் இறங்கியதும் பச்சை மறைந்துவிட்டது. செம்மண், கல், வானம். ஆற்றோரத்தில் மட்டும் பேரீச்சை மரங்கள்.

வர்ஸாஸாத் என்ற பெயருக்கு அங்குள்ள அமாசிக் மக்களின் மொழியில் 'சத்தமில்லாத இடம்' என்று பொருள் சொல்கிறார்கள். பெயருக்கேற்ற ஊர்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1920களில் இராணுவ முகாம் அமைத்த பிறகே நகரமாக வளர்ந்தது. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் சுமார் 71,000 பேர். இந்த அமைதியான ஊரின் தொழில் என்ன தெரியுமா? சினிமா. விவசாயமும் உல்லாசப் பயணிகளும் ஒருபுறமிருக்க, வெளிநாட்டார் எடுக்கும் படங்களில் கூட்டமாக நிற்பதும், நடப்பதும், ஓடுவதும், செத்துக் கிடப்பதும் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. பிரெஞ்சில் பிகுரான் என்றும், அரபியில் கொம்பார்ஸ் என்றும் இவர்களைச் சொல்கிறார்கள்.

இதன் தொடக்கத்தில் நமக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. கித்துல்கலவில் களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி, அதைத் தகர்த்துப் படம் பிடித்த டேவிட் லீன் என்ற ஆங்கிலேயரை மூத்தவர்கள் அறிந்திருப்பார்கள். அந்தப் படம் வெளிவந்தது 1957இல். அதற்கு அடுத்து அவர் எடுத்ததுதான் 1962இல் வெளியான 'லாரன்ஸ் ஒஃப் அரேபியா'. அதன் சில காட்சிகள் இந்த வர்ஸாஸாத் பகுதியில் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் வாய் திறந்து வசனம் பேசும் பெண் பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். அரபுப் பெண்கள் தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாக நின்று குலவையிடுவார்கள், அவ்வளவுதான்.

பின்னர் 1983இல் ஊருக்கு வெளியே, மராக்கேஷ் வீதியோரத்தில், அட்லஸ் ஸ்டூடியோ தோன்றியது. முகம்மத் பெல்க்மி என்ற மொரோக்கோ நாட்டவர் நிறுவியது. வாசலிலேயே எகிப்திய மன்னர்களின் பெரும் சிலைகள் வரவேற்கின்றன. கிட்டப் போய்த் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம்! மரச்சட்டத்தின் மேல் சாந்து பூசிய பொம்மைகள். உள்ளே போனால் ஒரு பக்கம் எகிப்துக் கோயில், அதற்குப் பக்கத்தில் திபெத்து மடம், அப்பால் ஒரு பழைய ஆகாய விமானம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் முட்டுக் கொடுத்த பலகைகளும் ஆணிகளும்தான். மருமகன் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அரை மணித்தியாலத்தில் அலுத்துவிட்டது.

அலுக்காத இடம் அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள ஐத் பென் ஹத்து. குன்றின் சரிவிலே ஒன்றன்மேல் ஒன்றாக மண் வீடுகளை அடுக்கிய பழைய கிராமம். சுற்றிலும் மதில், மூலைகளில் கோபுரங்கள், உச்சியிலே பழைய தானியக் களஞ்சியம். பள்ளிவாசலும் உண்டு, யூதர்களின் மையவாடியும் உண்டு. 1987இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சில குடும்பங்களைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி இரவு அட்லஸ் மலையை உலுக்கிய பூகம்பம் இந்தச் சுவர்களையும் விட்டுவைக்கவில்லை. வைக்கோல் கலந்த மண்ணைக் குழைத்து வெடிப்புகளைப் பூசியிருந்ததை நாங்கள் பார்த்தோம்.

இந்த ஒரே கிராமம் எத்தனை ஊராக வேடம் போட்டிருக்கிறது! 1977இல் வந்த தொலைக்காட்சித் தொடரொன்றில் பலஸ்தீனம். 2000ஆம் ஆண்டு வந்த 'கிளாடியேட்டர்' படத்தில் ரோமர்கள் அடிமைகளை விற்கும் ஊர். வேறொன்றில் பெயரே கேள்விப்படாத கற்பனை நகரம். ஊர் வேடம் மாறும்போது ஊராரும் மாறவேண்டியதுதானே. ஒரே மனிதர் போன வருடம் ரோமப் போர்வீரர், இந்த வருடம் எகிப்து அடிமை. 2005இல் வந்த 'கிங்டம் ஒஃப் ஹெவன்' படத்துக்காக வர்ஸாஸாத்துக்கு அருகே ஜெரூஸலத்தின் மதிலையே கட்டி எழுப்பினார்கள். அதில் ஸலாஹுத்தீன் ஐயூபியாக வந்தவர் சிரியா நாட்டு நடிகர் கஸ்ஸான் மஸ்ஊத். மொரோக்கோ இராணுவத்தினரும் படைவீரர்களாக வந்து நின்றார்கள்.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் வீடியோ கஸட்டில் சுற்றிவந்த 'அர்ரிஸாலா' படமும் மொரோக்கோவில்தான் ஆரம்பமானது. முஸ்தபா அக்காத் மராக்கேஷுக்கு அண்மையில் மக்கா நகரை அமைத்துப் படமெடுக்கத் தொடங்கினார். எதிர்ப்புகள் எழுந்தன, சில மாதங்களில் மொரோக்கோவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. லிபியாவுக்குப் போய் முடித்து 1976இல் வெளியிட்டார். அரபிக்கு ஒரு நடிகர் குழு, ஆங்கிலத்துக்கு இன்னொரு குழு என்று இரண்டு படங்களாக அதை எடுத்தார்கள். ஹம்ஸா ரலியல்லாஹு அன்ஹு அவர்களாக ஆங்கிலத்தில் ஒருவர், அரபியில் இன்னொருவர். பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு மாற்றாள் எங்கே? ஒரே வெயிலை இரண்டு தடவை தாங்கவேண்டியதுதான்.

வர்ஸாஸாத்தில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரியின் தாயார் ஒருநாள் மாலை புதினாத் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர். மரியாதைக்காக லல்லா என்று அழைக்கச் சொல்லி மகள் எனக்குக் கற்றுத் தந்திருந்தாள். கணவர் மௌத்தான பின் மூன்று பிள்ளைகளையும் இந்தக் கொம்பார்ஸ் வேலையால்தான் வளர்த்தேன் என்றார். அவர் பிரெஞ்சும் அரபியும் கலந்து பேச, மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

விடியற்காலை மூன்று மணிக்கே லொறி வந்துவிடுமாம். அயல்வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தேதான் போவார்கள். தனியாகப் போனால் ஊர் பேசும். போனதும் உடுப்புக்கு வரிசை. கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மருதாணியைக்கூட மறைக்கச் சொல்வார்கள். கந்தல் துணியைத் தந்து, போதாக்குறைக்கு முகத்திலும் காலிலும் சேற்றைப் பூசுவார்களாம். "வீட்டில் இருந்து குளித்துச் சுத்தமாகப் போவேன். ஏழையாகத் தெரிய இது போதாது என்று இன்னும் அழுக்காக்குவார்கள்" என்று சொல்லி லல்லா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு காத்திருப்பு. வேலை என்பதே பெரும்பாலும் காத்திருப்புத்தான் என்றார். சூரியன் சரியான இடத்துக்கு வரவேண்டும், குதிரை அடங்கவேண்டும், பெரிய நடிகர் கூடாரத்திலிருந்து வரவேண்டும். வந்ததும், நீ இந்தக் கல்லிலிருந்து அந்தக் கிணறு வரை கூடையோடு நட என்பார்கள். கமெராவைப் பார்க்கக் கூடாது. பக்கத்துப் பெண்ணோடு பேசுவதுபோல் வாயை அசைக்க வேண்டும். சத்தம் மட்டும் வரக்கூடாது. கூட்டத்தின் இரைச்சலைப் பிறகு தனியாகச் சேர்த்துக்கொள்வார்களாம். அதே நடையைப் பத்துத் தடவை, பதினைந்து தடவை நடக்கவேண்டும். முதல் தடவை கூடை வலக்கையில் இருந்தால் கடைசித் தடவையும் வலக்கையில்தான் இருக்கவேண்டும். அதைக் கவனிப்பதற்கென்றே ஒருத்தி குறிப்புப் புத்தகத்தோடு நிற்பாள்.

கூலி அன்றன்றைக்கு. ஆனால் முழுக் கூலி கைக்கு வந்து சேராது. ஆள் சேர்த்துக் கொடுப்பவர் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னரே தருவார். கேட்டால் அடுத்த படத்துக்குப் பெயர் எழுதமாட்டார். இந்த எக்ஸ்ட்ரா மக்களின் நிலையைக் காட்டி அலி எஸ்ஸாஃபி என்ற மொரோக்கோ இயக்குநர் 'வர்ஸாஸாத் மூவி' என்றொரு விவரணப் படமே 2001இல் எடுத்திருக்கிறார்.

ஆண்களுக்குத் தாடி ஒரு முதலீடு என்றும் லல்லா சொன்னார். பண்டைக் காலப் படம் வருகிறது என்று செய்தி பரவினால் ஊரில் சலூன்காரருக்கு வேலை குறைந்துவிடுமாம்.

என் மனதில் உறுத்திக்கொண்டிருந்ததை மகள் கேட்டுவிட்டாள். இங்கே எடுக்கப்படும் பல படங்கள் நபிமார்களின் காலத்தைப் பற்றியவை. நபிமார்களாக மனிதர்கள் வேடம் போடும் படங்கள். அதற்கு எப்படிப் போனீர்கள் என்று. லல்லா உடனே பதில் சொல்லவில்லை. தேநீர்க் குவளையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார்.

"எந்தப் படம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? உடுப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஒருநாள் மேட்டின் மேல் சிலுவை நட்டிருந்தது. கீழே நின்று அழுங்கள் என்றார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். ஈஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களை அல்லாஹ் உயர்த்திக்கொண்டான், சிலுவையில் அறையப்படவில்லை, நான் இதற்கு அழமாட்டேன் என்று சொல்லி உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தே போய்விட்டாள். அவளுக்கு அன்றைய கூலி இல்லை. அடுத்த மூன்று படங்களுக்கும் கூப்பிடவில்லை. நான் போகவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். நான் என் வாப்பாவை நினைத்து அழுதேன். நன்றாக அழுதாய் என்று முன்வரிசைக்கு வரச் சொன்னார்கள்."

இதைக் கேட்டு நான் என்ன சொல்ல? போய்விட்டவரை மெச்சத்தான் மனம் சொல்கிறது. ஆனால் மூன்று பிள்ளைகளோடு நின்ற இந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இருவரும் கடைசிவரை கூட்டாளிகளாகவே இருந்தார்களாம். வேலை இல்லாத அந்த நாட்களில் லல்லா வீட்டு மாவில் பாதி அங்கே போயிருக்கிறது.

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, மருமகன் ஒரு கதை சொன்னார். 1975இல் வெளிவந்த ஒரு படத்துக்காக ஜோன் ஹியூஸ்டன் என்ற இயக்குநர் மொரோக்கோவில் ஒரு வயோதிபரைக் கண்டுபிடித்தார். ஒலிவ் தோட்டத்தில் இராக்காவல் செய்தவர். வயது நூறைத் தாண்டியது என்றார்கள். அவரைப் பெரிய பூசாரியாக நடிக்க வைத்தார். எடுத்த காட்சிகளைத் திரையில் போட்டுக் காட்டியபோது, இனி நமக்குச் சாவே இல்லை என்ற பொருளில் அவரும் தோழர்களும் பேசிக்கொண்டதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். லல்லா இதைக் கேட்டு "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். ஆனாலும் கண்ணில் சிரிப்பு இருந்தது.

நீங்கள் நடித்த படங்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். படம் வெளிவந்த காலங்களில் ஊர்த் தியேட்டர் மூடிக் கிடந்தது என்றார். படங்களின் பெயரும் அவருக்குத் தெரியாது. நீலத் துணிப் படம், கழுதைப் படம், குளிரில் நிற்க வைத்த படம் என்றுதான் அடையாளம் சொன்னார். குளிரில் நிற்க வைத்த படத்தில் ரோமர்கள் சந்தையைக் கொளுத்துவார்கள், நாங்கள் ஓடுவோம் என்றார். மருமகன் கைத்தொலைபேசியில் தேடித் துழாவி அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

சிறிய திரையை முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டார் லல்லா. புகை, குதிரைகள், ஓடும் பெண்கள். "இதில் நான் எங்கே?" என்று தேடினார். கிடைக்கவில்லை. திடீரென்று விரலால் திரையைத் தொட்டார். கையில் குழந்தைப் பொம்மையோடு ஓடிவந்து, தடுக்கி, எழுந்து மறையும் ஒரு பெண். அன்று உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கூட்டாளிதான். அவர் மௌத்தாகி ஆறு வருடமாம். வீட்டில் அவருடைய புகைப்படம் என்று அடையாள அட்டையில் உள்ளது ஒன்றுதானாம்.

லல்லா துஆ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு, இந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா, அவளுடைய மகன் கசபிளாங்காவில் வேலை செய்கிறான், அவனுக்கு அனுப்பவேண்டும் என்றார். மருமகன் அங்கேயே இருந்து வெட்டி அனுப்பிவைத்தார். மொத்தம் ஏழு செக்கன் இருந்தது.