பூட்டு ஊர்க்காரியும் பாஸ்வேர்டும்

திண்டுக்கல்காரிக்குப் பூட்டு புதுசா என்ன? ஆனாலும் சுயம் (SWAYAM) என்ற இணையவழிப் படிப்புத் தளத்துக்குப் போட்ட பாஸ்வேர்டை நானே மறந்து, இரண்டு நாள் வாசலிலேயே நின்றேன். அண்ணன் மகன் வந்துதான் திறந்துவிட்டான்.

அதில் நான் சேர்ந்திருப்பது, என்பிடெல் (NPTEL) திட்டம் நடத்தும் 12 வாரப் பாடம். ஓசிதான். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். வீடியோ பார்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

"அத்தை, வாராவாரம் அசைன்மென்ட் போடணும். அதுக்கு 25 மார்க்."

பன்னிரண்டில் நன்றாகச் செய்த எட்டை மட்டும் கணக்கில் எடுப்பார்களாம். கல்யாணம், காதுகுத்து என்று நாலு வாரம் போனாலும் பாதகமில்லை! மீதி 75, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. ஆங்கிலம் வேகமாக ஓடினால் வீடியோவை 0.75 வேகத்துக்கு இறக்கிக்கொள்கிறேன். எந்த வாத்தியாரிடம் இப்படிக் கேட்டிருக்க முடியும்?

அண்ணன் மகன் கல்லூரியில் பாடங்களுக்கு மூடில் (Moodle) என்ற மென்பொருள். 2002-இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்து, சிறு வயதில் சிற்றலை வானொலி வழியாகப் பாடம் படித்தவர். அதைக் கேட்டதும், வேடசந்தூர்த் தோட்டத்தில் ரேடியோவைக் காதோடு வைத்துப் பண்ணைச் செய்தி கேட்ட அப்பா நினைவுக்கு வந்தார். அவருக்கு யாரும் மார்க் போடவில்லை. உர அளவு மட்டும் மனப்பாடம்.

நேற்று ராத்திரி முதல் அசைன்மென்ட் போட்டுவிட்டேன். கெடு முடிந்தால்தான் மார்க் தெரியுமாம். பொறுக்க முடியாமல் காலையிலிருந்து நாலு தடவை திறந்து பார்த்தாச்சு. பாஸ்வேர்டு இப்போது காலண்டர் பின்னால் எழுதியிருக்கிறது.